புகாருக்கும் முணுமுணுப்புக்கும் நடுவில்

வலி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் காலம் தள்ளிவிடுகிறோம். தலையோ, வயிறோ, மனசோ, எதுவானாலும் வலிதான். ஆங்கிலத்தில் அப்படித் தப்பிக்க முடியாது. சுருக்கென்று குத்தினால் ஒன்று, நாள் முழுக்க மந்தமாக இருந்தால் ஒன்று, தொட்டால் மட்டும் தெரிந்தால் இன்னொன்று. பெய்ன் என்பதா, ஏக் என்பதா, சோர்னெஸ் என்பதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஜவுளிக் கடையில் நீலம் கேட்டால் பத்து நீலத்தை எடுத்துப் போடுவார்களே, அந்த மாதிரி. எனக்கு அதில் எப்போதும் ஒரு ருசி உண்டு.

உங்களுக்குத் தமிழ் தெரிந்திருப்பது நல்லதாய்ப் போயிற்று. நடுவில் ஆள் வேண்டாம். நடுவில் ஆள் இருந்தால் என்னவெல்லாம் நடக்கும் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ஆங்கிலம் தெரியாமல் வந்து படுக்கிற தமிழர்களுக்கும் டாக்டர்களுக்கும் நடுவில் நிற்பது என் வேலை. வார்டில் ஒரு பெரியவர் இறந்துபோனது பற்றி ஆஸ்பத்திரிக்காரர்கள் தாங்களாகவே விசாரித்து முடித்துவிட்டார்கள். மொழிபெயர்ப்பாளரின் எரர் என்று முடிவு. பிசகு என்று வைத்துக்கொள்ளுங்கள். கை தவறி டம்ளர் விழுந்தால் அது பிசகு. என்னைத் திட்டக்கூட இல்லை. அந்த டாக்டர்தான் பாவம், முகம் வெளுத்துப்போய் என்னிடம் வந்து, 'நானும் இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருக்கணும்' என்கிற மாதிரி ஏதோ சொன்னார். என்னைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள்.

ஒரே மாதிரி தோன்றுகிற பெயர்ச்சொற்களில் எதை எங்கே எடுப்பது என்பதுதான் பாடம். அலர்ஜி வேறு, இன்டாலரன்ஸ் வேறு என்று பயிற்சியாளர் படம் போட்டு விளக்கினார். உடம்பு ஒரு மருந்தை எதிரியாக நினைத்துச் சண்டைக்கு எழுந்தால் அலர்ஜி. வெறுமனே முகம் சுளித்தால் இன்டாலரன்ஸ். நன்றாகத்தான் சொன்னார். நானும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் பேனா எழுதவில்லை என்று என் பேனாவை வாங்கிக்கொண்டார்.

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோதுதான் எனக்கு மனசு ஒப்பவில்லை. எரர் என்ற சொல் பொருத்தமில்லாதது. அதைத் திருத்திவிட வேண்டும். நான் இங்கே வந்த காரியம் அவ்வளவுதான்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். என் கணவர் ஒரு பெரிய சலவை ஆலையில் வேலை பார்த்தார். ஹோட்டல் விரிப்புகள், ஆஸ்பத்திரித் துணிகள் எல்லாம் வண்டி வண்டியாக வந்து இறங்கும். துவைத்த துணியைச் சுழற்றித் தண்ணீரைப் பிழிந்தெடுக்க ஒரு மிஷின் இருந்தது. உள்ளே தொட்டி நிற்கும்வரை அதன் மூடி திறக்கக் கூடாது. அதற்காகவே ஒரு பூட்டு உண்டு. அந்தப் பூட்டு கெட்டுப்போய், ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடி தானாகத் திறந்துகொள்ள ஆரம்பித்திருந்தது.

ஆலையில் சூப்பர்வைசர் நம் தமிழ் ஆள். ஈர விரிப்புகளுக்கும் சோப்பு நுரைக்கும் நடுவில் நாள் முழுக்க நடந்தாலும் அவருடைய சட்டை மடிப்பு கலையாது. அதனால் அவருக்கு மடிப்பு என்றே பெயர் வைத்திருந்தார்கள். என் கணவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"இன்னிக்கும் மடிப்புகிட்ட சொன்னேன், மூடி சரியில்லன்னு. பாக்கலாம் பாக்கலாம்னு சட்டையத் தடவிக்கிட்டே போயிட்டாரு."

"மேல ஆபீஸ்ல போய்ச் சொல்லுங்களேன்."

"அவர்கிட்ட சொல்றதுதான் முறை. அவர்தான் மேல சொல்லணும். அவரத் தாண்டிப் போனா நாளைக்கு மூஞ்சில முழிக்க முடியுமா?"

என் கணவர் முறை பார்க்கிறவர். ஒரு நாள் அந்த மூடி திறந்தது. ஈர விரிப்பு அவருடைய கையைச் சுற்றிக்கொண்டு உள்ளே இழுத்தது. அதற்கு மேல் விவரம் உங்களுக்கு வேண்டாம், எனக்கும் வேண்டாம்.

விசாரணை ஆலை அலுவலக அறையிலேயே நடந்தது. அரசாங்கத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். எனக்கு அப்போது ஆங்கிலம் ஒரு அட்சரம்கூடத் தெரியாது. மகள் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல ஆள் வேண்டும். ஆலையில் இரண்டும் தெரிந்தவர் ஒருவர்தான். மடிப்பு எனக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்த மூடியப் பத்தி அவர் உங்ககிட்ட எத்தன தடவ குறை சொன்னாருன்னு உங்களுக்கே தெரியும். அத அப்படியே இவர்கிட்ட சொல்லுங்க" என்றேன்.

அவர் நீளமாக ஏதோ சொன்னார். அதில் ஒரே ஒரு சொல் இரண்டு தரம் வந்தது. கிரம்பிள். அதிகாரி என்னைப் பார்த்து இரக்கமாகச் சிரித்தார். பிறகு ஏதோ கேட்டார்.

"நீ சொன்னது சரிதானான்னு கேக்கறாரு. ஆமான்னு சொல்லும்மா."

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். "யெஸ்."

வேலையாளின் கவனக்குறைவே காரணம் என்று தீர்ப்பானது. எனக்கு அது எப்படி என்று புரியவில்லை. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேனே என்றுதான் நினைத்தேன். மடிப்பின் மீது எனக்குக் கோபம்கூட இல்லை. வெளியே வந்தபோது நாங்கள் போக அவரே வண்டி பிடித்துக் கொடுத்தார். என் மாமியார்கூட, "உன் புருஷனுக்கு எப்பவும் அவசரம்தான்" என்று முடித்துவிட்டார். கிரம்பிள் என்ற சொல் மட்டும் என் காதில் தங்கிவிட்டது. என் கணவர் முன்கூட்டியே எச்சரித்தார் என்பதற்கு ஆங்கிலத்தில் அதுதான் சொல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மகளைத் தூங்க வைக்கும்போது மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். அவரைப் பற்றி ஒருவர் ஆங்கிலத்தில் சொன்ன நல்ல சொல் அது ஒன்றுதான் என்று எண்ணம்.

அப்புறம் பிழைப்புக்காக ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன். பகல் நேர வகுப்பு, எல்லாம் என்னைப் போன்ற பெண்கள். டீச்சர் ஒரு நாள் பலகையில் மூன்று சொற்களை எழுதினார். கம்ப்ளெய்ன்ட், கிரீவன்ஸ், கிரம்பிள். மூன்றும் அக்கா தங்கைகள், ஆனால் ஒரே வீட்டுக்குக் கட்டிக்கொடுக்க முடியாது என்றார். நாங்கள் சிரித்தோம். கம்ப்ளெய்ன்ட் என்றால் கேட்கிறவர் பதில் சொல்லியாக வேண்டும். அது புகார். கிரீவன்ஸ் என்றால் ஒருவருக்கு நியாயமாக மனசில் இருக்கிற குறை. மூன்றாவது சொல்லைத் தொட்டபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த சொல் வந்துவிட்டது என்ற பெருமை.

டீச்சர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, தோளைத் தொங்கப் போட்டு, வாய்க்குள்ளேயே முனகியபடி மேஜையைச் சுற்றி நடந்து காட்டினார். "இப்படி சும்மா முணுமுணுன்னுட்டே இருக்கிற ஆளுங்க இருப்பாங்க இல்ல? அதுதான். யாரும் காது கொடுக்க வேண்டியதில்ல." வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது.

அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அந்த ஆள் செத்துத் தொலைய வேண்டும் என்று நினைத்தேன். இதை மறைத்துப் பேச வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. நியாயமாகவும் யோசித்துப் பார்த்தேன். குறை என்பதற்குக் கிரம்பிள் என்று எழுதினால் அகராதி அவரை ஒன்றும் செய்யாது. குறை சொல்வதிலும் முணுமுணுப்பு இருக்கத்தான் செய்கிறது. கையில் மூன்று சொல் இருந்தது, தனக்குத் தோதானதை எடுத்துக்கொண்டார். புகார் என்றால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். முணுமுணுப்பு என்றால் யாரும் இல்லை. அவ்வளவு சுத்தமான வேலை. ஒரு சுருக்கம்கூட இல்லை.

மகள் வளர்ந்து ஆளானதும் அவளிடம் சொன்னேன். அவள் அப்பா ஜாடை, முறை பார்க்கிறவள். மனு எழுதிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். கடைசியில் ஒரு மேஜையில் கொஞ்சம் மனிதத்தன்மையுள்ள ஒருவர் இருந்தார். அவர் சொன்னதை மகள் வந்து சொன்னாள்.

"அந்த ரூம்ல தமிழ் தெரிஞ்சது ரெண்டே பேர்தானாம்மா. நீ ஒண்ணு, அந்த ஆள் ஒண்ணு. நீ யெஸ்ஸுன்னு சொன்னது எழுதியிருக்கு. இனிமே நீ என்ன சொன்னாலும் எடுபடாதாம். அந்த ஆளே வந்து, நான் மாத்திச் சொன்னேன்னு வாயத் திறந்து சொன்னாத்தான் மறுபடி எடுப்பாங்களாம்."

"சொல்வானா?"

"எங்க இருக்கான்னே தெரியலையே. வேலைய விட்டுட்டு ஊர் மாறிப் போயிட்டானாம்." அப்புறம் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம்மா. அப்பா பேர்ல கவனக்குறைவுன்னு இருக்கக் கூடாது."

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. இதை நீங்கள் நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு நேர்காணலில், ஏன் இந்த வேலை என்று கேட்டார்கள். இன்னொரு பெண்ணுக்கு என் கதி வரக் கூடாது என்று சொன்னேன். அது பொய் இல்லை. எத்தனையோ பேருக்கு நான் கண்ணும் கருத்துமாகப் பேசியிருக்கிறேன். நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

எங்கள் வேலைக்குச் சில விதிகள் உண்டு. நோயாளி 'எனக்கு' என்றால் நாமும் 'எனக்கு' என்றே சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. ஒரு சொல்லுக்கு இரண்டு விதமாக அர்த்தம் எடுக்க இடமிருந்தால் நிறுத்தி, எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். நோயாளி தெரிந்தவராக இருந்தால் உடனே சொல்லிவிட்டு விலக வேண்டும். இவை போக, எங்கள் ஆஸ்பத்திரிக்கென்று ஒரு வழக்கம். மருந்து பற்றிக் கேட்கும்போது டாக்டரோ நர்ஸோ அலர்ஜி என்ற சொல்லைத் தங்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் போதும், தும்மல் வந்தவர்கூட ஆமாம் ஆமாம் என்பார்கள். அதனால், அந்த மருந்து எடுத்தபோது என்ன நடந்தது என்று மட்டும் கேட்பார்கள். வருகிற பதிலை வைத்து அவர்களாக முடிவு செய்வார்கள். நல்ல வழக்கம்தான். நடுவில் நிற்பவரை நம்பி ஏற்படுத்தியது.

அவர்கள் சொல்கிற எரர் நடந்த அன்றைக்குக் காலையில் நான் வார்டுக்குப் போனபோது ஜன்னல் பக்கக் கட்டிலில் ஒரு பெரியவர் படுத்திருந்தார். பக்கவாதம். வலது கை விழுந்துவிட்டது. அதோடு ஆங்கிலமும் போய்விட்டது. இது நடக்கிறதுதான். பிற்பாடு கற்ற பாஷையைத் துடைத்தெடுத்துவிட்டுத் தாய்மொழியை மட்டும் அங்கங்கே ஓட்டையோடு விட்டுவைக்கும். மகனோடு இருக்க அண்மையில்தான் இந்த ஊருக்கு வந்திருக்கிறார். மகன் வேலையாக வெளியூர் போயிருந்தார். பழைய மருத்துவ விவரம் எதுவும் கையில் இல்லை.

நான் கும்பிட்டு, தமிழில் பேசினேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தமிழா? அப்பாடா. வா தங்கச்சி, வா. இவங்க பேசறது ஒண்ணும் வெளங்கல. நாப்பது வருசம் பேசின பாஷை, வாளி ஓட்டையான மாதிரி ஒழுகிப் போச்சு."

பேசிக்கொண்டே இடது கைக் கட்டைவிரல் நகத்தால் போர்வையின் ஓரத்தை நீவி ஒரு மடிப்பு எடுத்தார். எடுத்த மடிப்பின் மேல் இன்னொரு தரம் நகத்தை ஓட்டினார். நான் குரலைக் கேட்டேன், விரலைப் பார்த்தேன். கட்டிலில் மாட்டியிருந்த பெயரைப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

அவருக்கு என்னைத் தெரியவில்லை. எனக்குத் தலை நரைத்து, கண்ணாடி போட்டு, உடம்பு வைத்துவிட்டது. தவிர, அவர் விசாரணை அன்றைக்கு என் முகத்தைப் பார்த்திருக்கவே மாட்டார். நான் அப்போதே அறையை விட்டு வெளியே வந்து, தெரிந்தவர், வேறு ஆளை அனுப்புங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். விதியை முதலில் மீறியது அங்கேதான். பழக்கமான நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் படபடப்பு எதுவும் இல்லை. சந்தோஷம் என்றே சொல்லலாம்.

டாக்டர் வந்தார். நுரையீரலில் சளி கட்டி நிமோனியா ஆகிவிட்டது, டிரிப்ஸில் பலமான மருந்து ஏற்ற வேண்டும், பென்சிலின் வகை, இதற்கு முன்னால் எடுத்ததுண்டா, எடுத்தபோது என்ன நடந்தது என்று கேட்டார். பென்சிலின் என்ற பெயரை நான் தமிழுக்கு நடுவில் அப்படியே சொன்னேன். பெரியவர் தலையணையிலிருந்து எழப் பார்த்தார்.

"ஐயய்யோ, அது எனக்கு ஒத்துக்காது தங்கச்சி. வாலிப வயசுல ஒரு தடவ போட்டு, உடம்பெல்லாம் தடிச்சு, தொண்ட அடச்சு, மூச்சே நின்னு போச்சு. நான் பொழச்சதே பெரிய விசயம். அதுக்கு ஒரு பேரு சொல்வாங்களே. எல்லாரும் சொல்ற பேருதான். நாக்கு நுனியில நிக்குது."

அவர் இடது கையால் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். வாயைத் திறந்து திறந்து மூடினார். அவர் தேடிய சொல் எனக்குத் தெரியும். அது தமிழோடு தமிழாகக் கலந்துபோன சொல். அவர் வாயில் வந்திருந்தால் நான் மொழிபெயர்க்கவே வேண்டியதில்லை, டாக்டருக்கே கேட்டிருக்கும். வரவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், எடுத்துக் கொடுப்பேன் என்று. நானும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒத்துக்காது என்பதற்கு ஆங்கிலத்தில் நிறையச் சொல் இருக்கிறது. நான் முதலில் டிஸ்கம்ஃபர்ட் என்பதை யோசித்தேன். அது மிகவும் மெலிசு, டாக்டர் மேலே கேட்பார். ரியாக்ஷன் அபாயகரமானது, அதைக் கேட்டால் உஷாராகிவிடுவார். அப்செட் சரியாக இருந்தது. வாலிப வயதில் எடுத்தபோது எனக்கு ஸ்டமக் அப்செட் ஆகிவிட்டது என்று, எங்கள் விதிப்படி 'எனக்கு' போட்டே சொன்னேன். டாக்டர் பெரியவரின் கழுத்தில் இருந்த கையைப் பார்த்தார். அதற்கும் ஒரு சொல் தேவைப்பட்டது.

"நாசியா" என்றேன். குமட்டல்.

டாக்டர் தலையசைத்தார். குமட்டலுக்குப் பயந்து பலமான மருந்தை விட்டுவிட மாட்டார்கள். நர்ஸிடம் ஏதோ சொன்னார். நர்ஸ் திரையில் தட்டிக்கொண்டாள்.

"என்ன சொல்றாரு?" என்று பெரியவர் கேட்டார்.

"வேற மருந்து குடுக்கறாங்க ஐயா. அது வேணாம்னு எழுதியாச்சு. நீங்க நிம்மதியா படுங்க."

"நல்லவேள, நீ இருந்தே. இல்லன்னா என்னக் கொன்னே போட்டிருப்பாங்க."

அவர் இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். சூடாக இருந்தது, காய்ச்சல்.

மருந்து இறங்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே கழுத்தில் தடிப்பு தெரிந்தது. பிறகு உதடு. எல்லோரும் ஓடிவந்தார்கள். அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை, செய்ய வேண்டியதைச் சரியாகத்தான் செய்தார்கள். ஏற்கெனவே தளர்ந்த இதயம், தாங்கவில்லை. கடைசிவரை அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று அவருக்குச் சொல்லலாமா என்று நினைத்தேன். அதற்குள் நர்ஸ் என்னைத் திரைக்கு வெளியே போகச் சொல்லிவிட்டாள். அது மட்டும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். கணக்குச் சரியாகிவிட்டது என்று தோன்றியது. அவர் மகன் வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுததைப் பார்த்தேன். என் மகளுக்கும் ஓர் அப்பா இருந்தார் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

இதைத்தான் அவர்கள் எரர் என்கிறார்கள். தயவுசெய்து அடித்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். டெத் என்று பொதுவாக எழுத வேண்டாம். கில்லிங் என்றால் வண்டி மோதியும் நடக்கும். ஹோமிசைட் என்பது உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குள் புழங்குகிற சொல், வெளியில் யாருக்கும் சுருக்கென்று தைக்காது. மர்டர் என்று எழுதுங்கள். முன்கூட்டி நினைத்து, தெரிந்து, சொந்தக் கையால் செய்தது. கையால் என்பதைவிட வாயால். என் கணவருக்குக் கிடைக்காத நியாயத்தை நான் எடுத்துக்கொண்டேன். அவருக்காகத்தான் செய்தேன்.

நீங்கள் பேனாவை மூடிவிட்டீர்கள். ஆனால் ஒன்றை விட்டுவிட்டேன். குறைக்கக் கூடாது என்பது விதி, அதனால் சொல்லிவிடுகிறேன்.

அந்த வார்டில் டாக்டர் கிளம்புவதற்கு முன் கடைசியாக ஒரு கேள்வி கேட்பார். எல்லா நோயாளியிடமும் கேட்பதுதான். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா? அன்றைக்கும் கேட்டார். நர்ஸ் டிரிப்ஸ் பையை மாட்டிக்கொண்டிருந்தாள், இன்னும் திறந்துவிடவில்லை. நான் தமிழில் கேட்டேன். பெரியவர் போர்வையை நீவுவதை நிறுத்தினார்.

"சொல்லணும் தங்கச்சி. இத எழுதிக்கச் சொல்லு. நான் படுத்ததுலேருந்து இதத்தான் இவங்ககிட்ட சொல்லப் பாக்கறேன், ஒருத்தருக்கும் புரியல. நான் ஒரு லாண்டரில சூப்பர்வைசரா இருந்தேன். மிஷின் மூடி சரியில்லன்னு ஒரு ஆளு எங்கிட்ட முறையாப் புகார் குடுத்தாரு. தடவத் தடவ குடுத்தாரு. நான் மேல சொல்லல. அவரு அதுல செத்துப் போனாரு. விசாரணையில அவரு சம்சாரம் சொன்னத நான் மாத்திச் சொல்லிட்டேன். மடியில ஒரு பொம்பளப் புள்ள. அவரு மேல தப்பு இல்ல, தப்பு எம்மேலன்னு எழுதிக்கச் சொல்லு. நான் கைநாட்டு வெக்கிறேன், எந்தக் கையின்னாலும் சரி. அந்தம்மா எங்க இருக்காங்களோ."

தெளிவாகச் சொன்னார். ஒரு சொல்கூட நாக்கு நுனியில் நிற்கவில்லை. டாக்டர் காத்திருந்தார், அவர் கையில் பேனாகூட இருந்தது. நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். நான் அதை அப்படியே சொல்லியிருந்தால் அவர்கள் எழுதியிருப்பார்கள். அவர் கையெழுத்துக்குப் பதில் ரேகை வைத்திருப்பார். மகள் அதை எடுத்துக்கொண்டு அந்த மேஜைக்கு ஓடியிருப்பாள். ஆனால் சொன்னால் நான் யார் என்பதும் வெளியே வரும், குமட்டலைப் பற்றியும் திரும்பக் கேட்பார்கள், டிரிப்ஸ் பையைக் கழற்றிவிடுவார்கள். அந்த ஆள் பிழைத்துக்கொள்வார். நல்லவராகவும் ஆகிவிடுவார்.

"சம் ஓல்ட் வொரி" என்றேன். பழைய வேலையைப் பற்றி ஏதோ கவலை.

டாக்டர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். எழுதிக்கிட்டாங்களா என்று பெரியவர் கேட்டார். எழுதிக்கிட்டாங்க என்றேன். நர்ஸ் டிரிப்ஸைத் திறந்துவிட்டாள்.

இப்போது நான் உங்களிடம் சொல்வதற்கு மதிப்பில்லை என்று எனக்குத் தெரியும். கொன்றவள், செத்தவர் வாயில் தனக்கு வேண்டியதைத் திணிக்கிறாள் என்பார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன். என் கணவர் பேரில் இருப்பது அப்படியே இருக்கும்.

இங்கே வருவதற்கு முன்னால் மகளிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், இந்த ஒன்றைத் தவிர. அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு, "சாகறதுக்கு முன்னாடி அப்பாவப் பத்தி ஏதாவது சொன்னானாம்மா?" என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீ அவன விட்டிருப்பே. எனக்குத் தெரியும்மா" என்றாள்.

விட்டிருப்பேன் என்று சொன்னேன்.